அரை இன்ச் கிளிக் டார்க் ரெஞ்ச்: போல்ட் எவ்வளவு இழுபட்டு நீண்டது என்று இதற்குத் தெரியுமா?

டார்க் ரெஞ்ச் என்பது நாம் போடும் முறுக்கம், அதாவது திருகும் விசை, குறித்த அளவை எட்டியதும் தெரிவிக்கும் கருவி. கார் வேலைக்கென்று முதன்முதலாக அதை வாங்குபவர் பெரும்பாலும் எடுப்பது அரை இன்ச் சதுர முனையும் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளவும் கொண்ட கிளிக் வகையைத்தான். இந்த விமர்சனம் அந்த வகையைப் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீல் நட், சஸ்பென்ஷன் போல்ட், பிரேக் காலிப்பர் தாங்கியின் பெரிய போல்ட் ஆகியவற்றுக்கு இது அருமையான கருவி. எம்6, எம்8 (6, 8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்களின் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. சிலிண்டர் ஹெட் போல்ட்டில் இது பாதி வேலையைத்தான் செய்யும், மீதிக்குக் கோணமானி வேண்டும். ஏன் இப்படி என்பதற்கு விடை ரெஞ்சுக்குள் இல்லை, போல்ட்டுக்குள் இருக்கிறது.

போல்ட் ஒரு ஸ்பிரிங். நட்டைத் திருகும்போது போல்ட்டின் தண்டு இழுபட்டு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் பிடிப்பு விசை. வாகனத்தில் ஒரு பாகத்தைத் தாங்கி நிற்பது இந்த விசையும் அதனால் பரப்புகளுக்கிடையே உண்டாகும் உராய்வும்தான். 'டைட்' என்று நாம் சொல்வதன் பொருள் உண்மையில் 'நீட்டப்பட்டிருக்கிறது' என்பதே.

அந்த நீட்சி எவ்வளவு என்று பார்க்கலாம். எம்10, 1.5 மி.மீ. புரி இடைவெளி, 8.8 தர (எஃகின் வலிமையைக் குறிக்கும் எண்) போல்ட்டை எடுத்துக்கொள்வோம். மரைப் பகுதியில் விசை தாங்கும் பரப்பு 58 சதுர மி.மீ. நிரந்தரமாக நீளாமல் தாங்கும் சோதனைச் சுமை சுமார் 33.6 கிலோ நியூட்டன். அதில் 75 விழுக்காடு வரை இறுக்குவது பொதுவான வழக்கம், அதாவது 25 கிலோ நியூட்டனை ஒட்டி. கிட்டத்தட்ட இரண்டரை டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். இந்த விசையில் 100 மி.மீ. பிடிநீளம் (தலைக்கும் நட்டுக்கும் இடையே இழுபடும் நீளம்) கொண்ட போல்ட் நீள்வது வெறும் 0.21 மி.மீ., மூன்று தலைமுடிகளைச் சேர்த்து வைத்த தடிமன். 20 மி.மீ. மட்டும் உள்ள குட்டை போல்ட் என்றால் 0.04 மி.மீ. தான்.

இதனால்தான் குட்டை போல்ட்கள் தொல்லை தருகின்றன. பரப்புகளுக்கிடையே மாட்டிய பெயின்ட், துருச் செதில், கரடுமுரடான முனைகள் ஆகியவை ஓட்டத்தில் நசுங்கி 0.01 மி.மீ. அமுங்கினால் போதும். பிடிப்பு விசையில் நீண்ட போல்ட் இழப்பது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, குட்டை போல்ட் இழப்பதோ நான்கில் ஒரு பங்கு. ஹெட் போல்ட்களும் கனெக்டிங் ராட் போல்ட்களும் இடம் கிடைக்கும்வரை நீளமாகவும், சில இடங்களில் தண்டு மெலிந்தும் இருப்பதன் காரணம் இதுதான்.

இனி ரெஞ்சுக்கு வருவோம். போல்ட்டின் நீட்சியை இது அளப்பதில்லை. திருகும்போது எதிர்க்கும் எதிர்ப்பை மட்டுமே அளக்கிறது. நாம் போடும் முறுக்கத்தில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கோ நட்டுக்கோ அடியில் உரசிப் போகிறது. இன்னொரு 40 விழுக்காடு மரைகளுக்கிடையே உராய்வில் கரைகிறது. மீதி 10 விழுக்காடுதான் போல்ட்டை நீட்டுகிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தப் பத்துதான் பெரிதாக ஆட்டம் காணும்.

கணக்கு எளிது. முறுக்கம் = கே × விட்டம் × பிடிப்பு விசை. இதில் கே என்பது உராய்வையெல்லாம் சேர்த்த ஓர் எண். உலர்ந்த, மேற்பூச்சு இல்லாத எஃகுக்கு சுமார் 0.20, எண்ணெய் தடவினால் 0.15 அளவில், மாலிப்டினம் கலந்த பசை தடவினால் 0.12 அளவில் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அதே எம்10 போல்ட்டை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் உலர்ந்த மரையில் 25 கிலோ நியூட்டன் கிடைக்கும். அது சரியான அளவு. எண்ணெய் தடவிய மரையில் 33 கிலோ நியூட்டன், சோதனைச் சுமையின் விளிம்பு. மாலிப்டினம் பசையில் சுமார் 42 கிலோ நியூட்டன். 8.8 தர எஃகு இளகத் தொடங்குவதே, அதாவது திரும்பாமல் நீளத் தொடங்குவதே, 37-ஐ ஒட்டித்தான். மூன்று முறையும் ரெஞ்ச் ஒரே 50-இல் 'டிக்' என்று ஒலித்திருக்கும். மூன்று முறையும் ரெஞ்ச் சொன்னது சரி. மூன்றாவது போல்ட் மட்டும் நிரந்தரமாக நீண்டுவிட்டது.

ஆகவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் துல்லியத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 6789 தரப்படி 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட கிளிக் ரெஞ்சில் பிழை கூட்டல் கழித்தல் 4 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 100-இல் வைத்தால் 96 முதல் 104 வரை. நல்ல துல்லியம்தான். ஆனால் முறுக்கத்தை மட்டும் நம்பி இறுக்கும்போது பிடிப்பு விசை கூட்டல் கழித்தல் 25 முதல் 30 விழுக்காடு வரை சிதறலாம் என்பது பொறியாளர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 4 விழுக்காட்டு ரெஞ்சுக்குப் பதில் 2 விழுக்காட்டு ரெஞ்ச் வாங்க மனம் இழுத்தால், முதலில் ஒரு கம்பித் தூரிகையும், மரைத் துளைக்குள் திருகிச் சுத்தம் செய்யும் 'டேப்' என்ற கருவியும் வாங்குங்கள். பலன் அதில்தான் அதிகம்.

கருவியின் உள்ளமைப்பு எளிமையானது, அந்த எளிமைதான் இதன் பலம். கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் அமுங்குகிறது. அது தலைப்பகுதியின் வால்முனையை ஒரு சிறு கட்டையின் வழியே அழுத்திப் பிடித்திருக்கிறது. முறுக்கம் அந்த அழுத்தத்தை மீறியதும் கட்டை சரிகிறது, வால்முனை குழாயின் சுவரில் தட்டுகிறது. கேட்கும் ஒலியும் கையில் உணரும் சிறு தளர்வும் அதுதான். பேட்டரி இல்லை, திரை இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, அளவுகோல் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வேலை செய்யலாம். வளையும் கம்பியின் அளவை முள் காட்டும் முள் வகை ரெஞ்சில் அது முடியாது.

குறை என்றால் முதலில் அந்த 'டிக்'தான். 150-இல் அது தெளிவாகக் கேட்கும். 45, 50 அளவில் மெல்லியதாகிவிடும். அக்கம்பக்கம் இரைச்சல் இருந்தால் கவனிக்காமல் தாண்டிப் போய்விடலாம். 'டிக்' கேட்ட பிறகும் இழுத்தால் ரெஞ்ச் தடுக்காது, சாதாரண ராட்செட் போல இறுக்கிக்கொண்டே போகும். இரண்டாவது முறை 'டிக்' அடித்து உறுதி செய்துகொள்ளும் பழக்கமும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் போல்ட் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப வாய்ப்பு உண்டு. மெதுவாக, ஒரே சீராக, பிடியின் நடுக்கோட்டில் கை வைத்து இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குறித்த அளவைத் தாண்டிய பிறகுதான் கை நிற்கும்.

அளவுகோலைப் படிப்பதிலும் கவனம் தேவை. குழாயில் முதன்மைக் கோடுகள், சுழலும் பிடியில் ஒன்று ஒன்றாகச் சிறு எண்கள். 103 வேண்டுமென்றால் 100-இன் கோட்டில் பிடியின் சுழியத்தைச் சேர்த்து, பிறகு 3 வரை சுழற்ற வேண்டும். முழுச் சுற்று ஒன்றைத் தவறவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரும்பிழை. குழாயின் மறுபக்கத்தில் ஃபுட் பவுண்டு அளவும் இருக்கும். 1 ஃபுட் பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். பக்கம் மாற்றிப் பார்த்துவிட்டால் 100 வேண்டிய இடத்தில் 136 போய்விடும். கையேடு கிலோகிராம் மீட்டரில் இருந்தால் 9.81-ஆல் பெருக்குங்கள். அளவை வைத்ததும் பூட்டைப் போட மறக்கக் கூடாது, பூட்டாத பிடி கைக்குள்ளேயே நழுவிச் சுழலும்.

அளவு ஏன் 40-இல் தொடங்குகிறது என்பதற்கும் காரணம் உண்டு. இந்த வகையின் துல்லியம் உச்ச அளவின் 20 விழுக்காட்டிலிருந்து மேலேதான் உறுதி. 200-இல் 20 விழுக்காடு 40. எம்8, 8.8 தர போல்ட்டுக்கு உலர்ந்த நிலையில் வேண்டியது 25-ஐ ஒட்டி, எம்6-க்கு சுமார் 10. அலுமினியத்தில் இறங்கும் எம்6 போல்ட்டை இந்த நீளக் கைப்பிடியால் தொட்டால் 'டிக்' வருவதற்குள் மரை பிய்ந்து வந்துவிடும். டைமிங் கவர், வால்வு கவர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றுக்குக் கால் இன்ச் முனை கொண்ட 5 முதல் 25 வரையிலான சிறிய ரெஞ்ச் தனியாக வேண்டும். ஒரே ரெஞ்சில் எல்லாம் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தால் போன மரைகள் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தக் கருவியின் சொந்த மண் வீல் நட். எம்12, 1.5 புரி கொண்ட நட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர் என்று கையேடு சொன்னால், உலர்ந்த மரையில் ஒவ்வொரு ஸ்டட்டும் (நட் ஏறும் மரைத் தண்டும்) ஏறத்தாழ 46 கிலோ நியூட்டன் விசையோடு ரிம்மைப் பிடிக்கும். நட்டின் கூம்பு இருக்கை உராய்வைக் கூட்டுவதால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் குறையும். ஐந்து நட்டுக்கும் சேர்த்தால் இருபது டன்னை ஒட்டிய பிடி. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்டட்டின் குறுக்கு வலிமை என்று பலர் நினைக்கிறார்கள். தாங்குவது இந்தப் பிடியால் ரிம்முக்கும் ஹப்புக்கும் (ரிம் பொருந்தும் மையப் பகுதிக்கும்) இடையே பிறக்கும் உராய்வு. உராய்வு போதாமல் ரிம் நுண்ணளவு நழுவத் தொடங்கினால்தான் நட் கழல்கிறது. குறுக்குவாட்டில் நழுவும் இணைப்பில் நட் தானாகவே பின்வாங்கும் என்பதை கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனைக் கருவியோடு காட்டினார். ஸ்பிரிங் வாஷர் அந்த நழுவலைத் தடுத்துவிடாது. தடுப்பது போதுமான பிடிப்பு விசை மட்டுமே.

வேலையின் ஒழுங்கு இப்படி. ஹப் முகப்பிலும் ரிம்மின் உட்பரப்பிலும் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்துவிடுங்கள். அந்தத் துருதான் பின்னால் நசுங்கிப் பிடியைத் தின்கிறது. நட்டைக் கையாலேயே பல சுற்று ஏற்றுங்கள், இம்பாக்ட் கன்னை (தட்டித் தட்டித் திருகும் இயந்திரத்தை) முதல் சுற்றிலேயே வைத்தால் மரை குறுக்கே ஏறும். கையேடு சொல்லாதவரை மரையில் கிரீஸோ எண்ணெயோ வேண்டாம், கொடுத்திருக்கும் அளவு உலர்ந்த மரைக்கானது. கிரீஸ் தடவி அதே 110 போட்டால் விசை 70 கிலோ நியூட்டன் வரை போகக்கூடும். சக்கரம் தூக்கியிருக்கும்போது நட்சத்திர வரிசையில், அதாவது ஒரு நட்டுக்குப் பிறகு எதிர்ப்பக்க நட் என்று, பாதி அளவுக்கு இறுக்கி, தரையில் இறக்கிய பிறகு அதே வரிசையில் முழு அளவுக்குக் கொண்டு வாருங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் இன்னொரு முறை ரெஞ்சை வையுங்கள்.

இம்பாக்ட் கன்னால் இறுக்கிவிட்டு, அதன்மேல் டார்க் ரெஞ்சை வைத்து 'டிக்' கேட்டு 'சரியாக இருக்கிறது' என்று சொல்வது பணிமனைகளில் காணும் வழக்கம். இது சோதனையே ஆகாது. நட் 200-இல் இருந்தாலும் 110-க்கு வைத்த ரெஞ்ச் உடனே 'டிக்' என்றுதான் சொல்லும். குறைவாக இருந்தால் காட்டிக்கொடுக்கும், அதிகமாக இருந்தால் மூச்சுவிடாது. சந்தேகம் இருந்தால் நட்டைத் தளர்த்திவிட்டுப் புதிதாக இறுக்குவது ஒன்றே வழி. தளர்த்துவதற்கு இந்த ரெஞ்சைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு நீளப் பிடி தனியாக இருக்கட்டும்.

ஹெட் போல்ட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. '30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மேலும் 90 டிகிரி' என்பது போல இன்றைய கையேடுகள் எழுதுவதன் நோக்கம் உராய்வின் ஆட்டத்தை ஒதுக்குவதே. குறைந்த முறுக்கத்தில் எல்லாப் பரப்பும் ஒட்டி உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கோணம் நேரடியாக நீட்சி. 1.5 மி.மீ. புரியில் 90 டிகிரி திருப்பினால் 0.375 மி.மீ. முன்னேற்றம். அதில் ஒரு பங்கு போல்ட்டை நீட்டுகிறது, ஒரு பங்கு ஹெட்டையும் கேஸ்கெட்டையும் அமுக்குகிறது. உராய்வு எப்படியிருந்தாலும் புரியின் அளவு மாறாதல்லவா. சில இன்ஜின்களில் போல்ட்டை இளகும் எல்லைக்குச் சற்று அப்பால் வேண்டுமென்றே கொண்டுபோகிறார்கள். அங்கே எஃகு நீண்டாலும் விசை அதிகம் ஏறுவதில்லை. கோணத்தில் ஐந்து டிகிரி முன்னே பின்னே ஆனாலும் எல்லா போல்ட்டும் கிட்டத்தட்ட ஒரே விசையில் நிற்கும். இந்த வகை போல்ட்டைக் கழற்றினால் தூக்கிப் போட வேண்டியதுதான். புதிய போல்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பழையது நீண்டிருப்பதும், வெர்னியர் காலிப்பர் வைத்தால் மரையின் நடுவே இடை மெலிந்திருப்பதும் பல சமயம் தெரியும். தெரியாவிட்டாலும் மாற்றுங்கள்.

இங்கே கிளிக் ரெஞ்சின் பங்கு முதல் கட்டத்தோடு முடிகிறது. முதல் கட்டம் 40-க்குக் கீழே இருந்தால் அதற்கும் இதற்கும் சிறியதற்கும் இடைப்பட்ட அளவுள்ள ரெஞ்ச் தேவைப்படும். கோணத்துக்குக் கோணமானி போதும், சாக்கெட்டுக்கும் பிடிக்கும் இடையே மாட்டி, அதன் தடுப்புக் கையை அசையாத இடத்தில் ஊன்ற வேண்டும். முதலில் பிடியை லேசாக இழுத்து சாக்கெட்டின் ஆட்டத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு முள்ளைச் சுழியத்தில் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் சில டிகிரி காற்றில் போகும். கோணமானி நுழையாத இடத்தில் போல்ட் தலையிலும் பக்கத்திலும் பெயின்ட் கோடு இட்டுத் திருப்பலாம், 90 டிகிரிக்கு அது நம்பகமான வழி. வரிசை பெரும்பாலும் நடுவிலிருந்து வெளியே. ஒரு கட்டத்தை எல்லா போல்ட்டிலும் முடித்த பிறகே அடுத்த கட்டம். துளையின் அடிமுனை மூடியதாக இருந்தால் உள்ளே தேங்கிய எண்ணெயையோ கூலன்ட்டையோ முழுதாக வெளியேற்றுங்கள். தேங்கிய திரவத்தை அமுக்க முடியாது. முறுக்கம் ஏறும், 'டிக்' கேட்கும், போல்ட் நீண்டிருக்காது. கெட்ட நேரமானால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு விளக்கம். சரியாக நீட்டப்பட்ட போல்ட்டை இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் பெரிதாகத் தொடுவதில்லை. வெளிவிசை இழுக்கும்போது அமுங்கியிருந்த பாகங்கள் கொஞ்சம் விரிந்து அதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. போல்ட்டின் இழுவிசை சிறிதளவே ஏறி இறங்குகிறது. பிடிப்பு குறைவான போல்ட்டில் இணைப்பு திறந்து திறந்து மூடும், முழு ஏற்ற இறக்கமும் போல்ட்டின் மேலேயே விழும். மரையின் முதல் புரியில் களைப்பு விரிசல் தொடங்கி ஒருநாள் முறியும். முறிந்த போல்ட்டைப் பார்த்து 'அதிகமாக இறுக்கிவிட்டார்கள்' என்று முடிவு கட்டுவதற்கு முன், குறைவாக இறுக்கியதால் முறிந்ததா என்று பாருங்கள். உடைந்த முகத்தில் கடற்கரை மணலின் அலைக்கோடுகள் போன்ற வளையங்கள் தெரிந்தால் அது களைப்பு.

மாற்றுக் கருவிகள் பற்றிச் சுருக்கமாக. முள் வகை ரெஞ்ச் ஆயுசுக்கும் கெடாது, வளையும் கம்பிக்குத் தேய்மானம் இல்லை. நேராகப் பார்த்துப் படிக்கத்தான் இடம் வேண்டும். கோணமும் சேர்த்து அளக்கும் டிஜிட்டல் ரெஞ்ச் ஹெட் வேலையை அடிக்கடி செய்பவருக்கு உண்மையான வரம். ஆண்டுக்கு நான்கு முறை சக்கரம் மாற்றுபவருக்கு வேண்டாம். அவருக்கு இந்தக் கிளிக் ரெஞ்சும், சிறிய ரெஞ்ச் ஒன்றும், ஒரு கோணமானியும் சேர்ந்தால் பெரும்பாலான வேலை அடங்கிவிடும். காக்கைக்கால் சாக்கெட்டை (சதுர முனையைத் தாண்டிப் பக்கவாட்டில் நீளும் ஸ்பேனர் வாயை) பிடியின் நீளவாக்கில் மாட்டினால் மட்டும் கணக்கு மாறும். முனையின் மையத்திலிருந்து பிடியின் நடுக்கோடு 400 மி.மீ., காக்கைக்கால் 50 மி.மீ. முன்னே நீள்கிறது என்றால், 100 வேண்டிய இடத்தில் 100 × 400 ÷ 450, அதாவது 89-இல் வைக்க வேண்டும். காக்கைக்காலைப் பிடிக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் திருத்தமே தேவையில்லை.

வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை அளவுகோலின் குறைந்தபட்ச எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள், அதற்கும் கீழே கழற்றாதீர்கள். அமுக்கியே வைத்த ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்து, 100 என்று காட்டிவிட்டு அதற்கு முன்பே 'டிக்' சொல்லும். நீண்ட நாள் கழித்து எடுத்தால், வைஸில் பிடித்து உயர்ந்த அளவில் ஐந்து முறை 'டிக்' அடித்த பிறகு வேலைக்குக் கொண்டு போங்கள், உள்ளே கிரீஸ் பரவட்டும். அளவுத் திருத்தம் 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்திய பிறகு, எது முந்துகிறதோ அது. கீழே விழுந்தால் உடனே.

இடையில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி கிடைமட்டமாகவும் கீழே இழுத்தால் இறுக்கும் திசையிலும் இருக்கும்படி வையுங்கள். முனையின் மையத்திலிருந்து 400 மி.மீ. தள்ளியுள்ள பிடியின் நடுக்கோட்டில், எடை சரிபார்த்த 20 கிலோவைக் கயிற்றில் கட்டி மெதுவாகத் தொங்கவிடுங்கள். 78.5 நியூட்டன் மீட்டர் ஆகும். ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும், பலர் விடுவது இதைத்தான். விரல் மேல் வைத்துப் பார்த்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். 1.5 கிலோ எடையுள்ள ரெஞ்ச் முனையிலிருந்து 200 மி.மீ. தள்ளிச் சமநிலை கொண்டால் இன்னொரு 2.9. மொத்தம் 81.4. ரெஞ்சை 78-இல் வைத்தால் 'டிக்' வர வேண்டும். 85-இல் வைத்தால் வரக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் திருத்தத்துக்கு அனுப்பிவிடுங்கள், அதுவரை வீல் நட்டில் வைக்காதீர்கள்.